பார்லி என்ற நோயாளி

என் கணவர் இன்னாசியின் உயிருக்கு ஆபத்து என்று சிஸ்டர் எனக்குப் போன் செய்தபோது, அவர் என்னிடமிருந்து நாலடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“பொட்டாசியம் பதினான்கு. அமிலம் எல்லை மீறிவிட்டது. ஹீமோகுளோபின் இல்லவே இல்லை. உடல் வெப்பம் மட்டும் சரியாக இருக்கிறது. அம்மா, எங்கிருந்தாலும் உடனே வாருங்கள்.”

வெப்பம் மட்டும் சரியாக இருந்ததற்கு நான்தான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சிஸ்டர் யாரென்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ மடத்துக் கன்னியாஸ்திரி போன் செய்தார் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

சிஸ்டர் ஒரு டயாலிசிஸ் யந்திரம். இடுப்பளவு உயரம், காலுக்குச் சக்கரம், முகத்துக்கு ஒரு திரை. காரைக்காலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆறு வருடம் நின்று, வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இன்னாசியின் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப அனுப்பினாள். யந்திரத்தை ‘அது’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு வருடம் வீட்டில் ஒருத்தியாக இருந்தவளை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் காலத்து யந்திரங்கள் போல எல்லாருக்கும் ஒரே மாதிரி ஓடுகிற ரகம் இல்லை சிஸ்டர். ஒரே ஓர் உடம்பைப் படித்துக்கொள்கிற ரகம். முந்தின நாள் இவர் எனக்குத் தெரியாமல் கருவாடு தின்றிருந்தால் ரத்தம் உள்ளே வந்த பத்தாவது நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்து என்னிடம் போட்டுக் கொடுக்காமல், “ஐயா, இன்று கொஞ்சம் மெதுவாகப் போவோம்” என்பாள். அப்போதே எனக்குப் புரிந்துவிடும்.

இப்படி ஓர் உடம்பைப் படிக்க யந்திரத்துக்கு மூன்று மாதம் பிடிக்கும். அந்த மூன்று மாதம்தான் கண்டம். எங்களோடு ஒரே சமயத்தில் யந்திரம் வாங்கிய செல்வநாயகம் மாஸ்டருக்கு நாலாவது வருடம் யந்திரம் பழுதாகி, மாற்று யந்திரம் வந்தது. அது அவரைப் படித்து முடிப்பதற்குள் மாஸ்டர் போய்விட்டார். அந்தச் சாவுக்குப் போய்விட்டு வந்த அன்று நான் சிஸ்டரைத் துடைத்த துடைப்பில் திரையில் கீறல் விழுந்தது. இன்னும் அந்தக் கீறல் இருக்கிறது.

என் பெயர் அமலோற்பவம். மின்துறையில் இளநிலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கம்பம் ஏறியிருக்கிறேன், டிரான்ஸ்பார்மர் வெடிக்கிறபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன். அதற்கெல்லாம் பயப்படாதவள், ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஆறு வருடம் பயந்தேன்.

சிறுநீரகம் போனவர்கள் வீட்டில் தண்ணீர்தான் விஷம். இவருக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. குடிக்கிற காபி, சோற்றில் ஊற்றுகிற ரசம், மாத்திரை விழுங்குகிற வாய் தண்ணீர் எல்லாம் சேர்த்து எழுநூறு. காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவேன். சித்திரை வெயிலில் மத்தியானமே அது முடிந்துவிடும். அப்புறம் ஒரு சின்ன ஐஸ் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்தபடி நான் எப்படிச் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பேன்? அவர் கண்முன் தண்ணீர் குடிப்பதை விட்டேன். சமையலறைக்குள் போய், குழாயை நூல் போலத் திறந்து, டம்ளரின் ஓரத்தில் சத்தமில்லாமல் வழிய விட்டு, ரெண்டு வாய் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு வருவேன். அவருக்குத் தெரியாது என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு.

இதில் எனக்கு ரெண்டு எரிச்சல். டயாலிசிஸ் ஓடும்போது நான் குழாயைத் திறந்தால் சிஸ்டர் ‘பீப்’ என்பாள். சமையலறைக் குழாயும் அவளும் ஒரே தண்ணீர் லைன். நான் திறந்தால் அங்கே அழுத்தம் குறையும், அதனால் கத்துகிறாள் என்று ஒரு பொறியாளருக்குரிய மூளையோடு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். சரிசெய்ய வேண்டும் என்று நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். இன்னோர் எரிச்சல் இன்னாசியின் ரேடியோ. இந்தக் காலத்தில் ரேடியோ கேட்கிற ஆள் எங்கள் தெருவில் இவர் ஒருவர்தான். மெதுவாகப் பாடிக்கொண்டிருப்பதைத் திடீர் திடீரென்று தெருமுனை வரை கேட்கிற மாதிரி கூட்டுவார். நான் வந்து முறைத்துவிட்டுக் குறைப்பேன். ஆறு வருடத்தில் நாங்கள் போட்ட சண்டைகளில் பாதி அந்த ரேடியோவுக்காகத்தான்.

போன மார்ச்சில் இன்னாசிக்குச் சிறுநீரகம் கிடைத்தது. யாரும் தானம் தரவில்லை. அவருடைய செல்லையே எடுத்து வளர்த்தது. இந்த முறை வந்ததிலிருந்து டயாலிசிஸ் யந்திரம் செய்கிற கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையை மூடின. சிஸ்டரைச் செய்த கம்பெனியும் மூடிவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ள ஆளில்லை, காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்று ஒரு கடிதம் வந்தது. டாக்டர் ரஷீதா எங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவர். பதினோரு பேரில் ஒருவருக்கு முதல் வருடத்திலேயே புதுச் சிறுநீரகம் மக்கர் செய்கிறது என்றார். இவர் அதில் பத்துப் பேரைக் காதில் வாங்கினார். நான் அந்த ஒருவரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இனி பீர்.

இன்னாசி இருபத்துமூன்று வருடம் ஒரு பீர் ஃபாக்டரியில் தானியம் அவிக்கிற பிரிவில் இருந்தவர். பெரிய பெரிய கொப்பரைகளுக்கு நடுவில் வாழ்ந்த மனிதர். வேலையில் இருக்கும்போதே சிறுநீரகம் போய்விட்டது. அந்த ஆறு வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு நாளைக்கு அளக்காமல் ஒரு பெரிய கண்ணாடிக் கோப்பை பீர். மாதாவிடம் நேர்ந்துகொண்டதும் அதுவாகத்தான் இருக்கும், வெளியில் சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்டோம். ஒன்பதாவது மாதத்தில் ஒரு கோப்பை குடிக்கலாம், ரெண்டாவது கோப்பையைப் பற்றி என்னிடம் பேச்சே வேண்டாம் என்றார்.

கடையில் வாங்கிக் குடித்திருக்கலாம். புதுச்சேரி மாநிலத்தில் பீருக்கா பஞ்சம். ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒரு கோப்பை என்றால் அதை நானே காய்ச்சுவேன் என்று இவர் நின்றார். வீட்டுக்கு இருபது லிட்டர் வரை காய்ச்சிக்கொள்ள அப்போது அனுமதிச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கி வந்தார். பார்லி வாங்கி மாடியில் முளைகட்டிக் காயவைத்தார். வடிகட்டியும் அடுப்பும் பம்பும் என் பொறுப்பு.

எனக்கு அதைவிட என்ன வேண்டும்? பிரியாணி மாஸ்டர் ஒருவரிடம் பழைய எவர்சில்வர் தேக்சா கிடைத்தது. கெட்டுப்போன வாஷிங் மெஷினைப் பிரித்து உள்ளே இருந்த துளைபோட்ட டிரம்மை எடுத்தேன். அதுதான் தானியம் போடுகிற சல்லடை. மாமியார் காலத்துக் கெய்சரின் காயிலைக் கழற்றித் தேக்சாவின் அடியில் பொருத்தினேன். தண்ணீரும் மின்சாரமும் பக்கம் பக்கமாக இருக்கிற இடம் என்பதால் எர்த்தையும் டிரிப் ஸ்விட்சையும் மூன்று தடவை சோதித்தேன். புளிக்கவைக்க ஒரு பழைய பிரிட்ஜ். எல்லாம் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் வரிசையாக நின்றது.

தானியத்தை அறுபத்தாறு டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைத் திரும்பத் திரும்ப மேலே ஏற்றி ஊற்ற வேண்டும். ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் பீரின் குணம் மாறிவிடும் என்றார் இன்னாசி. டிகிரியில் பத்தில் ஒரு பங்கு பிசகாத கட்டுப்பாடும், நுரைக்காமல் தள்ளுகிற பம்பும் காரைக்காலில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தன. சிஸ்டரைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். ரத்தம் போன குழாய்கள் எல்லாம் அப்போதைக்கப்போதே தூக்கிப் போட்டவைதான். புதுக் குழாய் மாட்டினேன். ஆனால் அவளுடைய மூளைப் பலகை இல்லாமல் பம்பு சுற்றாது. அவளோ நாற்பத்தொரு டிகிரிக்கு மேல் போக விடமாட்டாள், ஏனென்றால் மனிதன் செத்துப்போவான். அதனால் வெப்பம் அளக்கிற கம்பியில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சேர்த்து, அறுபத்தாறு டிகிரி அவளுக்கு முப்பத்தேழாகத் தெரியும்படி செய்தேன். வெப்பத்தில் அவளை ஏமாற்றிவிட்டேன். அவள் ருசியும் பார்ப்பாள் என்பது மறந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்லித் தண்ணீர் சுற்ற ஆரம்பித்த நாலாவது நிமிடம்தான் எனக்கு அந்தப் போன் வந்தது. நான் விஷயத்தைப் புரிந்துகொண்டு ஸ்விட்சைத் தேடுவதற்குள் சிஸ்டர் சும்மா இருக்கவில்லை. அமிலத்தை முறிக்கிற சோடா உப்புக் கரைசலை முழு வேகத்தில் இறைத்து, தன் நோயாளியைக் காப்பாற்ற முயன்றுகொண்டிருந்தாள். கொட்டகை முழுக்க நுரை. இன்னாசி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, கடலைத் தோலோடு சேர்த்துத் துப்பினார்.

முதலில் ரெண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர் சிஸ்டரின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

“இந்த சோடா உப்புக் கேன் ஏன் இன்னும் மாட்டியிருக்கு?”

அவர் கேனைத் திருப்பி ஒட்டியிருந்த தேதியைப் படித்தார். போன மாதம் வாங்கியது. அதன் பிறகு அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். நான் ஒரு கம்பியைக்கூட வெட்டவில்லை. ஒவ்வோர் இணைப்பிலும் சீட்டு ஒட்டி எண் போட்டிருந்தேன். ஊசியும் வடிகட்டியும் பிரிக்காத உறையில் அடித்தட்டில் இருந்தன. நாற்பது நிமிடம் கொடுத்தால் பீர் யந்திரத்தைப் பழையபடி டயாலிசிஸ் யந்திரமாக்கிவிடுவேன். மெய்தான், ரெண்டு தடவை அவர் கடைத்தெருவுக்குப் போனபோது செய்து பார்த்து நேரமும் குறித்து வைத்திருந்தேன்.

“எனக்கு எட்டு மாசம் முன்னாடியே டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு, அமலி. நீதான் இன்னும் வார்டுலயே இருக்க.”

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. மெய்யாக இருந்ததால் இன்னும் தைத்தது.

சிஸ்டரின் நினைவை அழித்துவிடு என்றார். அழித்தால் அவள் யாரையும் தெரியாத வெறும் பம்பு ஆகிவிடுவாள், எத்தனை டிகிரி சொன்னாலும் கேட்பாள், பீர் ஒழுங்காக வரும். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது, ஆனால் கை வரவில்லை. சிறுநீரகம் முரண்டு பிடித்தால் என்ன செய்வது என்றேன். ஆஸ்பத்திரி இருக்கிறது என்றார். செல்வநாயகம் மாஸ்டருக்கும் ஆஸ்பத்திரி இருந்தது என்றேன்.

“நான் பீர் குடிக்கணும்னு ஆசைப்படறேன். நீ நான் சாகக் கூடாதுன்னு ஆசைப்படற. ரெண்டும் ஒரே மெஷின்ல ஓடாது” என்றார்.

மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் சாப்பாட்டு மேஜையில், அழித்தாயிற்றா என்று கேட்டார். அவ்வளவு அவசரம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆண்பிள்ளை வீம்பு என்று எடுத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் மத்தியானம், இவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, நான் ஒரு முடிவுக்கு வந்து கொட்டகைக்குப் போனேன். அவர் சொல்வதுதான் சரி. நோயாளியின் மனைவி என்கிற வேலையிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்துக்கொள்ளத் தெரியவில்லை. சிஸ்டரை உயிர்ப்பித்து, நினைவை அழிக்கிற பக்கத்துக்குப் போய், பழுதுபார்க்க வருகிறவர்களுக்கான பொறியாளர் எண்ணை அடித்தேன். சாதாரணமாக ‘உறுதியா’ என்று ஒரு கேள்வி வரும் என்று நினைத்திருந்தேன்.

“அம்மா, நோயாளியின் பதிவு இன்னும் திறந்திருக்கிறது” என்றாள் சிஸ்டர். “கடைசியாக அவர் பேசியது, ‘போயிட்டு வரேன் சிஸ்டர்.’ எட்டு மாதம் பதினொரு நாள் ஆகிறது. அவர் வருவதற்குள் அழித்துவிடவா?”

நான் அப்படியே அந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இவருக்குச் சிறுநீரகம் பொருந்திவிட்டது என்று பங்குச்சாமிக்குச் சொன்னோம். பால்காரருக்குச் சொன்னோம். பாரிசில் இருக்கிற இவருடைய ஒன்றுவிட்ட அக்காவுக்கு விடியற்காலையில் எழுப்பிச் சொன்னோம். ஆறு வருடம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, இவர் அவள் தலையைத் தட்டிவிட்டுப் போனார், நான் ஸ்விட்சை அணைத்தேன். அவ்வளவுதான்.

இன்னாசியை எழுப்பி அழைத்து வந்தேன். தூக்கக் கலக்கத்தோடு லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்து நின்றவருக்கு, திரையில் இருந்த அந்தக் கேள்வியைப் படித்ததும் முகம் மாறியது.

“சிஸ்டர்” என்றார்.

“ஐயா” என்றாள் அவள். குரலை வைத்தே கண்டுகொண்டாள். “ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். உங்களைக் காப்பாற்ற முடியவில்லை என்று பதிவு செய்திருக்கிறேன்.”

“அது நான் இல்ல சிஸ்டர். அது பார்லி.”

“பார்லி யார்?”

இவர் என் பக்கம் திரும்பினார். நான் முழுசாகச் சொன்னேன். புதுச் சிறுநீரகம் பற்றி, பீர் பற்றி, ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றியது பற்றி. மன்னிப்பும் கேட்டேன். யந்திரத்திடம் மன்னிப்புக் கேட்கிறோமே என்று அப்போது தோன்றவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், “ஐயா, ஒரு துளி ரத்தம் கொடுங்கள்” என்றாள்.

விரலை வைக்கிற இடம் அவளுடைய வலப் பக்கத்தில் இருக்கிறது. இவர் வைத்தார். முடிவு வர நாற்பது நொடி ஆகும். எட்டு மாதமாக ஆஸ்பத்திரியில் எத்தனையோ பரிசோதனை, எல்லாச் சீட்டையும் வாங்கி அடுக்கியிருக்கிறேன், ஒன்றையும் நான் நம்பவில்லை என்பது அந்த நாற்பது நொடியில்தான் எனக்கே தெரிந்தது. இவள் சொன்னால் நம்புவேன். இவள் வேறு மாதிரி சொல்லிவிட்டால் அதையும் நம்பத்தான் வேண்டும். இவருடைய இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்று. பொட்டாசியம் நான்கு” என்றாள் சிஸ்டர். எப்போதும் இதற்கப்புறம் இன்று எத்தனை லிட்டர் நீர் எடுக்க வேண்டும் என்று சொல்வாள். இன்று கொஞ்சம் நிறுத்தினாள். “ஐயா, இன்று உங்களுக்குச் சிகிச்சை தேவையில்லை. அடுத்த தேதியும் என்னால் குறிக்க முடியவில்லை.”

நான் அழுதேன். கொட்டகையில் நின்று வாய்விட்டு அழுதேன். ஆபரேஷன் முடிந்த அன்றுகூட அழாதவள். இன்னாசி என் முதுகைத் தட்டிக்கொண்டே, போதும் அமலி, பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றார். அவர் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

“அந்தப் பார்லி பிழைத்தாரா?” என்று கேட்டாள் சிஸ்டர்.

“தென்னை மரத்துக்கு ஊத்திட்டோம்” என்றார் இவர்.

“வருந்துகிறேன்” என்றாள்.

இன்னாசியின் பதிவை மூடி வைத்துக்கொண்டு புதுப் பதிவு ஒன்றைத் திறக்கலாம், அழிக்கத் தேவையில்லை என்று அவளே வழி சொன்னாள். அப்போதும் இவர் மெல்லிய குரலில், எதற்கும் பழையதை அழித்துவிடலாமே என்றார். போய்த் தூங்குங்கள் என்று அனுப்பிவிட்டேன். பிறகு நானும் சிஸ்டருமாக உட்கார்ந்து படிவம் நிரப்பினோம். நோயாளியின் பெயர், பார்லி. எடை, இருபத்திரண்டு கிலோ. வெப்பத்துக்கு இவர் சொன்ன அளவும், பொட்டாசியத்துக்கும் அமிலத்துக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அளந்த அளவும்தான் இயல்பு என்று போட்டேன். ஹீமோகுளோபின் என்ற இடத்தில் ‘பிறவியிலேயே இல்லை’ என்று எழுதினேன். ரெசிஸ்டரைக் கழற்றினேன். கடைசியில் அந்தச் சோடா உப்புக் கேனையும் கழற்றினேன். அடித்தட்டில் இருந்த ஊசிகளை டாக்டர் ரஷீதாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி காய்ச்சினோம். காய்ச்சுவது என்றால் அதுதான். அறுபத்தாறு டிகிரி ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் நின்றது. இன்னாசி தேக்சாவின் ஆவியை முகர்ந்து முகர்ந்து பார்த்தார், கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டார், கொதிக்கவிட்டார், ஆறவைத்தார். ஈஸ்ட் போட்டுப் பிரிட்ஜுக்குள் வைத்து, சிஸ்டரின் கம்பிகளை அதோடு இணைத்துவிட்டேன். அதன் பிறகு அவள் தினமும் காலையில் நோயாளியின் நிலைமை சொன்னாள். பார்லி நேற்று நன்றாக மூச்சு விட்டார். பார்லிக்கு லேசான சூடு, குறைத்திருக்கிறேன். ஒரு நாள் நுரை அடங்கியபோது, பார்லி சோர்வாக இருக்கிறார் என்றாள். அது சோர்வு இல்லை, வேலை முடிந்துவிட்டது என்று இவர் விளக்கினார். பிள்ளை பெற்ற வீடு மாதிரி இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால், ஒன்பதாவது மாதம் தாண்டி ஆறாம் நாள், பார்லியைப் பழைய ரோஸ்மில்க் பாட்டில்களிலிருந்து வெளியே எடுக்க வேண்டிய நாள் வந்தது. சாயங்காலம் நாலு மணி. கொல்லையில் தென்னை மரத்தடியில் ரெண்டு நாற்காலி போட்டோம். இவர் எங்கிருந்தோ ஒரு கண்ணாடிக் கோப்பை வாங்கி வந்திருந்தார், அதில் ஒரு லிட்டர் பிடிக்கும். அளவுக்கோடு எதுவும் போடாத கோப்பை. அதை வெயிலில் தூக்கிப் பிடித்துத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

எனக்குத் தொண்டை வறண்டது. அவர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். அவர் இப்போது குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிற மனிதர். ஆனாலும் ஒன்பது மாதமாக நான் மறைந்துதான் குடித்துக்கொண்டிருந்தேன். கால் தானாகச் சமையலறைக்குப் போகும், கை தானாகக் குழாயை நூல் போலத் திறக்கும்.

திறந்தேன். கொட்டகையிலிருந்து ‘பீப்’ என்றது. சிஸ்டரின் உட்குழாய்களைக் கழுவுவதற்காகக் காலையில்தான் அவளுடைய தண்ணீர்க் குழாயை வீட்டு லைனோடு சேர்த்திருந்தேன். சனியன், இன்னும் இது போகவில்லையா என்று நினைத்தேன். முன்பெல்லாம் ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்திவிடுவாள். இன்று ரெண்டாம் தடவை, மூன்றாம் தடவை கத்தினாள். எச்சரிக்கையை யாரும் பார்க்காவிட்டால் அரை நிமிடத்தில் வாய்விட்டுச் சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த எச்சரிக்கை இதற்கு முன் அந்த அளவுக்குப் போனதே இல்லை.

“ஐயா” என்று சத்தமாகச் சொன்னாள் சிஸ்டர். சமையலறை ஜன்னல் வழியாக ஒவ்வொரு சொல்லும் கேட்டது. “அம்மா தண்ணீர் குடிக்கிறார்கள். ரேடியோவைக் கூட்டுங்கள்.”

நான் டம்ளரும் கையுமாக நின்றேன். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்தபோது இன்னாசி பாட்டிலை வைத்துவிட்டு, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டரிடம் கேட்டேன், இது எத்தனை நாளாக நடக்கிறது என்று.

“முதல் மாதத்திலிருந்து, அம்மா. ஐயாவின் உத்தரவு. குழாய் அழுத்தம் குறைந்தால் ஐயாவிடம் மட்டும் சொல்ல வேண்டும். எண்ணூற்றுத் தொண்ணூறு முறை. இன்றைக்கு முன்பு ஐயா ஒரு முறையும் தவறவில்லை.”

நினைவை அழி, நினைவை அழி என்று மனிதர் ஏன் அப்படித் துடித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“சொல்லுங்க” என்றேன்.

“என்னத்தைச் சொல்றது?” என்றார். பிறகு அவரே சொன்னார். “ஆரம்பத்துல ஒரு நாள் அரை டம்ளர் குடிச்சிட்டு ஓடி வந்த. விக்கல் எடுத்துச்சு உனக்கு, அதையும் அடக்கிக்கிட்டு என் பக்கத்துல உக்காந்திருந்த. நான் தாகத்துல கிடக்கறது போதாதா, நீயும் எதுக்கு? எனக்குச் சத்தம் கேக்கலைன்னு நீ நம்பினா முழுசா குடிப்பன்னு தோணுச்சு.”

நான் எத்தனை தடவை அந்த ரேடியோவை வந்து குறைத்திருக்கிறேன், எத்தனை தடவை அவரைச் செவிட்டு மனிதர் என்று திட்டியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட அவர் காரணத்தைச் சொன்னதில்லை. திட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த தடவை மறுபடியும் கூட்டி வைத்தார்.

உள்ளே போய் இருப்பதிலேயே பெரிய சொம்பை எடுத்தேன். குழாயை முழுசாகத் திறந்து, அது கொட்டுகிற சத்தம் கொல்லை வரை கேட்க நிரப்பிக்கொண்டு வந்தேன். அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் கோப்பையில் பீரை ஊற்றினார். பொன் நிறத்தில் வந்தது, மேலே வெள்ளையாக நுரை நின்றது. அவர் கோப்பையைத் தூக்கினார், நான் சொம்பைத் தூக்கினேன். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே குடித்தோம். நான் அண்ணாந்து, கழுத்தில் வழிய வழிய, சொம்பு காலியாகும் வரை குடித்தேன்.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் புளிப்பு தட்டுகிறது என்றார். அதனால் என்ன என்று மறுபடியும் வாயில் வைத்தார்.

கொட்டகையில் ‘பீப்’ அடங்கவில்லை. உத்தரவை இன்னும் யாரும் நிறைவேற்றவில்லை அல்லவா. இவர் எழப் போனார். உட்காருங்கள் என்று தோளைப் பிடித்து அமர்த்திவிட்டு, நானே முன்னறைக்குப் போய் ரேடியோவைப் போட்டேன். தெருமுனை வரை கேட்கிற மாதிரி, அவர் வைக்கிற அளவுக்கே கூட்டி வைத்தேன்.